ஒரு முதலமைச்சரின் 28 மாதங்கள்: பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ஒரு பாடம்

"டீச்சர், மக்கள் ஓட்டுப் போட்டு வச்ச அரசாங்கத்த டெல்லியில இருக்கிறவங்க எப்படிக் கலைக்க முடியும்?"

பத்தாம் வகுப்பில் நெருக்கடி நிலை பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று வகை நெருக்கடி நிலைகளைக் கரும்பலகையில் எழுதினேன். பிரிவு 352 தேசிய நெருக்கடி, பிரிவு 356 மாநில நெருக்கடி, பிரிவு 360 நிதி நெருக்கடி. பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டார்கள். வழக்கமாக அந்தப் பாடம் அத்துடன் முடிந்துவிடும். தேர்வில் "பொருத்துக" பகுதியில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும். அவர்களும் சரியாகப் பொருத்திவிடுவார்கள். அன்று கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மேலே உள்ள கேள்வியைக் கேட்டாள்.

"மாநிலத்தில் அரசமைப்புச் சட்டப்படி ஆட்சி நடத்த முடியாத நிலை ஏற்பட்டால் கலைக்கலாம்" என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "முடியாத நிலைன்னு யாரு சொல்றது டீச்சர்?" என்று அடுத்த கேள்வி வந்தது. மணி அடித்துவிட்டது. நாளை சொல்கிறேன் என்றேன். அன்று இரவு யோசித்தபோது, இந்தக் கேள்விக்கு விளக்கம் தருவதைவிட ஒரு வரலாற்று நிகழ்வை அவர்கள் முன் வைப்பதே சரி என்று தோன்றியது. நான் தேர்ந்தெடுத்தது இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் என்ற முதலமைச்சரின் அரசியல் வாழ்க்கையை. அதற்கு மூன்று பாடவேளைகள் ஆயின. அந்த அனுபவத்தை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் மாகாணத்துக்காரர்

கேரளத்து முதலமைச்சரைப் பற்றி நாம் ஏன் படிக்க வேண்டும் என்று மாணவர் கேட்கக்கூடும். முதலில் 1956-க்கு முந்தைய சென்னை மாநில வரைபடத்தைக் காட்டினேன். மலபார் மாவட்டமும் தென் கன்னட மாவட்டமும் அதற்குள் இருந்தன. தஞ்சாவூருக்குச் சட்டம் இயற்றிய அதே சட்டமன்றம்தான் மலபாருக்கும் சட்டம் இயற்றியது. இ.எம்.எஸ். 1939-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானவர். மலபார் குத்தகைச் சிக்கலை ஆராய மாகாண அரசு அமைத்த குழுவில் உறுப்பினராக இருந்து, குழுவின் கருத்திலிருந்து வேறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதியவர்.

அவர் பிறந்தது 1909 ஜூன் 13-இல், பெருந்தல்மண்ணாவுக்கு அருகிலுள்ள ஏலங்குளத்தில். ஏராளமான நிலம் கொண்ட நம்பூதிரிக் குடும்பம். தம் சமூகத்திலேயே சீர்திருத்தம் வேண்டும் என்று எழுதத் தொடங்கியவர், 1932-இல் சட்டமறுப்பு இயக்கத்தில் சேர்ந்து கல்லூரிப் படிப்பை விட்டுச் சிறை சென்றார். 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரானார். பின்னர் பொதுவுடைமைக் கட்சிக்குச் சென்றார். தம் பங்குச் சொத்தையும் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு செய்தியையும் வகுப்பில் சொன்னேன். அவருக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். அதோடுதான் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் பேசினார். சட்டமன்றத்தில் பதில் சொன்னார். எங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருக்கிறான். இதைச் சொன்னபோது நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பியிருப்பார்கள்.

1957: வாக்குப்பெட்டி வழியே

மொழிவழி மாநிலப் பிரிப்பில் 1956 நவம்பர் 1-இல் கேரளம் பிறந்தது. 1957 தொடக்கத்தில் முதல் தேர்தல் நடந்தது. 126 இடங்களில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களைப் பெற்றது. கட்சியின் ஆதரவுடன் வென்ற சுயேச்சைகள் ஐவர் சேர, எண்ணிக்கை 65 ஆனது. பாதி 63. ஆக மிகக் குறுகிய பெரும்பான்மைதான். 1957 ஏப்ரல் 5-இல் பதினொரு பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. வருவாய்த் துறை கே.ஆர். கௌரி என்ற பெண் அமைச்சரிடம் இருந்தது. சட்டத்துறை அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி, திருச்சூரில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். மலையாள இலக்கியத் திறனாய்வாளர்.

"தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்த உலகின் முதல் பொதுவுடைமை அரசு" என்று பல பொது அறிவுப் புத்தகங்களில் படிக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இத்தாலிக்குள் இருக்கும் சான் மரினோ என்ற மிகச் சிறிய நாட்டில் 1945 முதல் 1957 வரை பொதுவுடைமையரும் சோஷலிஸ்டுகளும் கூட்டணியாக, தேர்தலில் வென்றே ஆண்டிருக்கிறார்கள். எனவே "இந்தியாவில் முதல்" என்று சொல்வது பிழையற்றது. இதை வகுப்பில் சொன்னபோது, "அப்ப புக்குல தப்பா இருக்குமா டீச்சர்?" என்று ஒரு மாணவன் வியந்தான். புத்தகத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதை அவன் அன்று தெரிந்துகொண்டான் என்றால், அந்த மணி வீணாகவில்லை.

நிலமும் பள்ளிக்கூடமும்

புதிய அரசு பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், குத்தகைதாரர்களையும் குடியிருப்போரையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. இதன் பொருளை நம் டெல்டாப் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. குத்தகை, வாரம், மனைக்கட்டு போன்ற சொற்கள் அவர்கள் வீட்டில் புழங்குபவை. நிரந்தரமான நில உறவுச் சட்ட முன்வடிவை 1957 டிசம்பரில் கே.ஆர். கௌரி அவையில் கொண்டுவந்தார். நீண்ட விவாதத்துக்குப் பின் 1959 ஜூனில்தான் அது நிறைவேறியது.

இரண்டாவது சட்டம் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் பற்றியது. அன்று கேரளத்தில் பள்ளிகளில் பெரும்பகுதி தனியார் நிர்வாகத்தில், அரசின் மானியத்துடன் நடந்துவந்தது. பதிவேட்டில் கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் கிடைத்த தொகை வேறு என்று ஆசிரியர்கள் குறைகூறி வந்தனர். பணிக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அடுத்த குறை. முண்டசேரி 1957 ஜூலையில் கொண்டுவந்த கல்வி மசோதாவின் முக்கியக் கூறுகளை எளிய சொற்களில் இப்படிச் சொல்லலாம்:

1. உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்கும்.

2. அரசுப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே ஆசிரியரை நியமிக்க வேண்டும்.

3. தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்கக் கூடாது.

4. கடமை தவறும் பள்ளியின் நிர்வாகத்தை அரசு ஏற்கலாம்.

முதல் மூன்றையும் கேட்ட என் மாணவர்கள், "நல்லதுதானே டீச்சர்?" என்றார்கள். நான்காவதைக் கேட்டதும் ஒரு மாணவி, "அந்தப் பள்ளிக்கூடத்த அவங்கதானே கட்டுனாங்க, அத எப்படி எடுத்துக்கலாம்?" என்றாள். கேரளத்தில் எழுந்த முதன்மையான கேள்விகளில் ஒன்று அதுதான். கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சேவைச் சங்கமும் பல பள்ளிகளை நடத்திவந்தன. அரசியல் கட்சி ஒன்று தம் பள்ளிகளையும், அவற்றில் சொல்லிக்கொடுக்கப்படுவதையும் கைப்பற்றப் பார்க்கிறது என்று அவை அஞ்சின.

இந்த இடத்தில் அரசமைப்புச் சட்டம் வேலை செய்த விதம் மாணவருக்கு அவசியம் தெரிய வேண்டும். அவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-இல் நீதிமன்றம் கருத்துரைத்தது. மானியம் தரும் அரசு, ஆசிரியர் நலனுக்கும் கல்வித் தரத்துக்கும் நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம். ஆனால் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் பிரிவுகள், சிறுபான்மையினர் பள்ளிகளைப் பொறுத்தவரை பிரிவு 30(1) தரும் உரிமைக்கு முரணானவை என்றது. அரசு மசோதாவைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது. 1959 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பிரிவு 30, பிரிவு 143, ஆளுநர் மசோதாவை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வில் வருகின்றன. தனித்தனியே மனப்பாடம் செய்யும்போது மறந்துவிடுபவை, இப்படிச் சேர்த்துச் சொன்னால் நினைவில் நிற்கின்றன.

ஜூன் 12

எங்கள் பிள்ளைகளிடம் ஜூன் 12 என்றால் என்ன நாள் என்று கேட்டால், மேட்டூர் அணை திறக்கும் நாள் என்று சொல்வார்கள். 1959-இல் அதே ஜூன் 12-இல் கேரளத்தில் "விமோசன சமரம்" என்ற பெயரில் அரசுக்கு எதிரான போராட்டம் தொடங்கியது. நாயர் சேவைச் சங்கத் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமை தாங்கினார். திருச்சபை, காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் ஆகியவை பின்னால் நின்றன. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க வேண்டிய நேரத்தில் பல பள்ளிகளின் முன் மறியல் நடந்தது.

அரசின் பக்கமும் தவறுகள் இருந்தன. அவற்றை மறைத்துப் பாடம் நடத்த முடியாது. ஆந்திராவிலிருந்து அரிசி வாங்கியதில் முறைகேடு என்ற புகாரை நீதிபதி ராமன் நாயர் ஆணையம் விசாரிக்க வேண்டியிருந்தது. அரசு அலுவலகங்களிலும் காவல் துறையிலும் ஆளுங்கட்சிக்காரர்கள் தலையிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஓயாமல் எழுந்தது. தொழிலாளருக்கான அரசு என்று சொல்லிக்கொண்ட ஆட்சியில், 1958-இல் கொல்லத்துக்கு அருகிலுள்ள சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் மீது காவல் துறை சுட்டதில் இருவர் இறந்தனர். 1959 ஜூன் 13-இல் அங்கமாலியில் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தனர். ஜூலையில் செரியதுறையில் ஃபுளோரி என்ற கர்ப்பிணிப் பெண் குண்டடிபட்டு இறந்தார். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது.

பிரதமர் நேரு ஜூன் மாதம் கேரளத்துக்கு நேரில் வந்து பார்த்தார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் இந்திரா காந்தி. ஆளுநரின் அறிக்கை டெல்லிக்குச் சென்றது. 1959 ஜூலை 31-இல் பிரிவு 356-இன் கீழ் அமைச்சரவை நீக்கப்பட்டு, சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அந்த நாளில் அவையில் அரசுக்குப் பெரும்பான்மை இருந்தது. பதவியேற்று 28 மாதங்கள் நிறைய ஐந்து நாள்கள் இருந்தன.

வாக்கும் இடமும்: ஒரு கணக்கு

1960 பிப்ரவரியில் மறுதேர்தல். பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களிலிருந்து 29 இடங்களுக்கு இறங்கியது. "மக்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றான் ஒரு மாணவன். அதற்குப் பிறகு வாக்கு விழுக்காட்டை எழுதினேன். 1957-இல் சுமார் 35. 1960-இல் சுமார் 39. வாக்கு கூடியிருக்கிறது, இடம் பாதியாகக் குறைந்திருக்கிறது. வகுப்பே குழம்பியது.

கரும்பலகையில் ஒரு கற்பனைத் தொகுதியை வரைந்தேன். 100 வாக்காளர். முதல் தேர்தலில் அ கட்சிக்கு 40, ஆ கட்சிக்கு 35, இ கட்சிக்கு 25. வென்றது அ. அடுத்த தேர்தலில் ஆவும் இயும் கூட்டணி சேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்துகின்றன. அ கட்சி முன்பைவிட நன்றாக உழைத்து 44 வாக்குகள் பெறுகிறது. கூட்டணிக்கு 56. அ தோற்றுவிட்டது. இதைக் கணக்கு ஆசிரியரிடம் சொன்னபோது, விழுக்காடு பாடத்துக்கு எடுத்துக்காட்டாக அவரும் வாங்கிக்கொண்டார். கூட்டணி என்ற சொல்லைத் தினமும் செய்தியில் கேட்கும் பிள்ளைகளுக்கு, அது தேர்தல் முடிவை எப்படி மாற்றுகிறது என்பது பத்து நிமிடங்களில் விளங்கியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். 1964-இல் கட்சி பிளவுபட்டபோது இ.எம்.எஸ். மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கம் நின்றார். 1967 மார்ச்சில் கூட்டணி அரசின் தலைவராக மீண்டும் முதலமைச்சரானார். 1969-இல் அந்த அரசு விழுந்தது. இம்முறை டெல்லி கலைக்கவில்லை. கூட்டணிக் கட்சிகளே விலகின. அந்த அரசின் காலத்தில் நிறைவேறிய நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1957-இல் அவசரச் சட்டமாகத் தொடங்கியது, குத்தகைதாரரின் கையில் உரிமையாகச் சேரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இ.எம்.எஸ். 1978 முதல் 1992 வரை தம் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்து, 1998 மார்ச் 19-இல் மறைந்தார்.

முதல் நாள் கேட்ட மாணவிக்கு இப்போது விடை சொல்ல முடிந்தது. "முடியாத நிலை" என்று யார் சொல்வது என்ற கேள்வியை அவளுக்கு முன்பே நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும். பிரிவு 356-ஐப் பயன்படுத்தியது சரியா என்பதை நீதிமன்றம் ஆராயலாம் என்றது. தமிழ்நாட்டிலும் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் அரசுகள் கலைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் பொம்மை தீர்ப்புக்கு முந்தையவை. கலைக்கப்பட்டவை ஒரே கட்சியின் அரசுகளும் அல்ல. இந்தப் பட்டியலைச் சேர்த்துச் சொல்வது முக்கியம். எந்தக் கட்சிக்கும் நேரக்கூடியது இது என்று புரிந்தபின், மாணவர்கள் கட்சியை மறந்து விதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

இன்னொரு நெல் நாடு, இன்னொரு தலைவர்

மூன்றாம் பாடவேளையில் ஒப்பீட்டுக்காக வியட்நாமை எடுத்துக்கொண்டேன். அதுவும் ஆற்றுப்படுகையில் நெல் விளையும் நாடு. அங்கு 1955-இல் பிரதமரான ஃபாம் வான் டோங், வட வியட்நாமுக்கும், பின் ஒன்றுபட்ட வியட்நாமுக்குமாக 1987 வரை அப்பதவியில் இருந்தார். இ.எம்.எஸ்.ஸைவிட மூன்று ஆண்டுகள் மூத்தவர். அவரும் உயர்நிலைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரரின் தீவுச் சிறையில் பல ஆண்டுகள் இருந்தவர். 1954-இல் ஜெனீவா மாநாட்டில் தம் தரப்பின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

பதவிக்காலத்தை மட்டும் பார்த்தால் ஒருவருக்கு 28 மாதங்கள் (இரண்டாம் முறையையும் சேர்த்தால் ஐந்து ஆண்டுகள்), இன்னொருவருக்கு 32 ஆண்டுகள். "அப்ப வியட்நாம்காரர்தான் பெரிய தலைவர்" என்றான் ஒருவன். அவர் எத்தனை தேர்தலில் எதிர்க்கட்சியைச் சந்தித்தார் என்று கேட்டேன். ஒரே கட்சி ஆட்சி என்பதை விளக்கினேன். வட வியட்நாமில் 1953 முதல் 1956 வரை நடந்த நிலச் சீர்திருத்தத்தில் உழுபவருக்கு நிலம் கிடைத்தது உண்மை. அதே வேளையில் நில உடைமையாளர் என்று முத்திரை குத்தப்பட்டுக் குற்றமற்ற பலரும் கொல்லப்பட்டனர். 1956-இல் கட்சியே தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது. கட்சியின் பொதுச் செயலாளர் பதவி விலகினார். பின்னர் அந்த நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டன. 1986-இல் "தோய் மோய்" என்ற சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டு, விவசாயக் குடும்பங்களிடம் சாகுபடி திரும்பியபின், 1989 முதல் வியட்நாம் உலகின் பெரிய அரிசி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றானது.

கேரளத்தில் சட்டம் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. நீதிமன்றம் தடுத்தது, எதிர்க்கட்சி தடுத்தது, டெல்லி தடுத்தது. வியட்நாமில் தடுப்பார் இல்லாததால் வேகமாக நடந்தது. தவறும் தடுப்பாரின்றி நடந்தது. இரண்டில் எது மேல் என்று நான் முடிவு சொல்லவில்லை. பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துப் பேசச் சொன்னேன்.

நம் ஊர் மணிமண்டபம்

திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு இந்தப் பாடம் தொலைதூரத்துக் கதை அல்ல. எங்கள் ஊரில் பி. சீனிவாசராவ் நினைவாக மணிமண்டபம் இருக்கிறது. பிள்ளைகள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். யார் என்று கேட்டால் "பி.எஸ்.ஆர்." என்ற பெயர் தெரியும், அதற்கு மேல் தெரியாது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், தென் கன்னடத்திலிருந்து வந்து, 1943 முதல் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களையும் குத்தகை விவசாயிகளையும் அமைப்பாகத் திரட்டியவர். அன்று பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு அவற்றை நிறுத்தச் செய்தது. 1961 செப்டம்பர் 30-இல் அவர் காலமானார். அவர் அமைச்சராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ இருந்ததில்லை.

1952-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் இதனுடன் சேர்த்தே சொன்னேன். பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றுவதை அது கட்டுப்படுத்தியது. பொதுவுடைமைக் கட்சியைக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. ஆனாலும் களத்தில் எழுந்த கோரிக்கைக்கு அவருடைய அரசு சட்டத்தால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்சியில் இருப்பவர் மட்டும்தான் வரலாற்றை மாற்றுகிறார் என்ற எண்ணத்தை இந்த எடுத்துக்காட்டு கொஞ்சம் அசைக்கிறது.

வீட்டில் பெரியவர்களிடம் பழைய பண்ணை முறையைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். ஒரு மாணவன், தன் கொள்ளுத்தாத்தா விடியற்காலையில் பண்ணைக்குப் போனால் இருட்டியபின்தான் வருவாராம் என்றும், கூலியாகக் கிடைத்த நெல்லின் அளவையும் எழுதி வந்தான். இன்னொரு மாணவியின் குடும்பம் முன்பு நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனது, பாட்டி இன்றும் அதைச் சொல்லி வருந்துவார் என்று எழுதி வந்தாள். இரண்டையும் வகுப்பில் படிக்கச் சொல்லலாமா என்று தயங்கினேன். எங்கள் ஊரில் இந்த நினைவுகள் இன்னும் ஆறவில்லை. கடைசியில் இருவரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டுப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்தபின் அந்த மாணவி, "உங்க தாத்தாவுக்கு மதியச் சாப்பாடு தருவாங்களா?" என்று அவனிடம் கேட்டாள். அவன், "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றான்.

"நீங்க எந்தக் கட்சி டீச்சர்?"

இத்தகைய பாடத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். எனக்கும் வந்தது. அரசு ஊழியர் கட்சி சாரக் கூடாது என்ற நடத்தை விதி நமக்கு உண்டு. அந்த விதிக்குப் பயந்து பலரும் இப்பகுதிகளை இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நாம் பேசாவிட்டால் பிள்ளைகள் கைப்பேசியில் வரும் காணொளிகளில் இருந்து அரசியலைக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே ஒருவர் தெய்வமாக இருப்பார், அல்லது துரோகியாக இருப்பார்.

நான் கையாண்ட முறை எளிமையானது. குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் "நடந்தது": தேதி, எண்ணிக்கை, சட்டத்தின் பெயர். இரண்டாவதில் "சொல்லப்பட்டது": யார், எந்தப் பக்கத்தில் இருந்து சொன்னார். மூன்றாவதில் "நான் நினைப்பது". அங்கமாலியில் ஏழு பேர் இறந்தது முதல் கட்டத்தில் வரும். அரசு கொடுங்கோல் அரசு என்று போராட்டக்காரர் சொன்னதும், கூட்டம் காவல் நிலையத்தைத் தாக்க வந்தது என்று அரசுத் தரப்பு சொன்னதும் இரண்டாம் கட்டத்தில் வரும். மூன்றாம் கட்டத்தை நான் திருத்துவதில்லை, மதிப்பெண்ணும் இடுவதில்லை. முதல் கட்டத்தில் பிழை இருந்தால் மட்டும் சிவப்பு மையால் சுழிப்பேன்.

எந்தக் கட்சி என்று கேட்டவனிடம், "என் மூணாவது கட்டம் என் வீட்டு நோட்டுல இருக்கு, உன்னோடத நீ எழுது" என்றேன். வகுப்பு சிரித்தது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

விரும்பும் ஆசிரியர்கள் கீழ்க்கண்டவற்றை முயன்று பார்க்கலாம்.

தொடக்க நிலை: ஊரில் உள்ள சிலை, நினைவு மண்டபம், தலைவர் பெயர் கொண்ட தெரு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர் யார் என்று வீட்டில் கேட்டு ஐந்து வரி எழுதச் செய்தல்.

6 முதல் 8 வகுப்பு: 1956-க்கு முந்தைய, பிந்தைய வரைபடங்களை ஒப்பிட்டு, சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்த பகுதிகளுக்கு வண்ணமிடுதல்.

9, 10 வகுப்பு: மாதிரிச் சட்டமன்றம். கல்வி மசோதாவை அமைச்சர் முன்மொழிய, ஆசிரியர், பள்ளி நிர்வாகி, பெற்றோர், சிறுபான்மையினர் ஆகியோரின் பக்கத்திலிருந்து உறுப்பினர்கள் பேச வேண்டும். பாதி நேரத்தில் பக்கங்களை மாற்றிவிட வேண்டும். நிர்வாகியாகப் பேசியவர் ஆசிரியராகப் பேசட்டும். இந்த மாற்றம்தான் செயல்பாட்டின் உயிர்; அதை விட்டுவிட வேண்டாம்.

கணக்குடன் இணைத்து: நான்கு கற்பனைத் தொகுதிகளுக்கு வாக்குகளைத் தந்து, வாக்கு விழுக்காட்டையும் இட விழுக்காட்டையும் கண்டுபிடிக்கச் செய்தல்.

பேசத் தூண்டும் கேள்விகள்: பெரும்பான்மை உள்ள அரசுக்கு எதிராக மக்கள் போராடலாமா? போராட்டம் பெரிதாகிவிட்டது என்பதே ஓர் அரசைக் கலைக்கப் போதிய காரணமா? நல்ல நோக்கம் கொண்ட சட்டத்தை நீதிமன்றம் ஏன் தடுக்க வேண்டும்?

அந்த ஆண்டு பொதுத்தேர்வில் பிரிவு 356 பற்றி வினா வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. மாதிரிச் சட்டமன்றத்தில் சபாநாயகராக யார் இருப்பது என்று கேட்டபோது, திக்கிப் பேசும் அந்த மாணவன் கையைத் தூக்கியது நினைவிருக்கிறது. அவையை அமைதிப்படுத்த அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. மற்ற பிள்ளைகள் காத்திருந்தார்கள்.